சிரைவழி ஊட்டக் குழாய்: வீட்டுப் பராமரிப்பின் வரலாறு

சிரைவழி முழு ஊட்டம் என்பது, குடல் செயல்படாதவருக்கு வேண்டிய சத்துகள் அனைத்தையும் நேரடியாக இரத்தத்தில் செலுத்தும் முறையாகும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் ஆகியோர், குடல் குறைபாட்டுடன் பிறந்த பெண் குழந்தை ஒன்று இம்முறையில் வளர முடியும் என்று காட்டினர். ஆனால், மருத்துவமனைக்கு வெளியே இம்முறையைத் தொடர, நீண்டகாலம் நிலைத்திருக்கும் குழாய் தேவைப்பட்டது.

1973ஆம் ஆண்டில் சியாட்டில் நகரின் பிரோவியாக், ஸ்கிரிப்னர் குழுவினர் அத்தகைய சிலிக்கோன் குழாயை அறிமுகப்படுத்தினர். குழாயைச் சுற்றியுள்ள டேக்ரான் பட்டையைத் தோலுக்கடியில் திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும். அதனால் குழாய் நழுவாது. கிருமி நுழைவதும் குறையும்.

இவ்வாறு குழந்தைகள் வீடு திரும்பினர். செவிலியரின் பணி பயிற்சி பெற்ற பெற்றோரின் கைகளுக்கு வந்தது. கைகளை நன்கு கழுவுவதும், ஒவ்வொரு முறையும் குழாய் முனையைக் கிருமிநாசினியால் துடைப்பதும் இன்றும் அடிப்படை விதிகள். காய்ச்சலோ நடுக்கமோ கண்டால் அது இரத்தத் தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.