மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தவளைகள்: உடலமைப்பும் வாழிடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தவளை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ராக்கோபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் அப்படியிருந்தாலும் எல்லாம் மரத்தில் வாழ்வதில்லை. புல்லடி, மூங்கில் துளை, குளியலறைச் சுவர் என ஆளுக்கொரு இடம். எது எங்கே தங்கும் என்பதைக் காலும் தோலும் உடலளவும் ஓரளவு சொல்லிவிடும்.

அகன்ற விரல்நுனி எல்லாவற்றுக்கும் பொது. அதன் அடிப்புறச் செல்கள் அறுகோண வடிவில் அமைந்து, அவற்றுக்கிடையே ஓடும் நுண்ணிய வாய்க்கால்களில் சளிநீர் நிற்கும். ஈர இலை மற்றொன்றோடு ஒட்டுவதுபோல் இந்த நீர்ப்படலமே பிடிமானம் தருகிறது. பசை எதுவும் இல்லை. இந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது என்பதால் விரல்நுனியை மட்டும் பார்த்து வாழிடத்தைக் கணிப்பது அவ்வளவு சரிவராது.

1870இல் விலங்கியலாளர் ஜெர்டன் விவரித்த மலபார் சறுக்குத் தவளை மரக்கிளைகளுக்கு உரியது. உடல் சுமார் 10 செ.மீ.; கைவிரல்களுக்கிடையிலும் செஞ்சவ்வு விரிந்திருக்கும். கிளையிலிருந்து பாயும்போது நான்கு பாதங்களையும் விரித்துப் பல மீட்டர் சறுக்கிச் செல்லும். பறப்பதாகச் சொல்வது மிகை. நீருக்கு மேல் தொங்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டும். பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும்.

இதற்கு நேரெதிர், ஆனைமுடி உச்சியின் ராவோர்செஸ்டெஸ் ரெஸ்பிளெண்டென்ஸ். 2010இல் விவரிக்கப்பட்ட இச்செந்நிறத் தவளைக்குக் கால்கள் குட்டை, தோலில் சுரப்பிகள் தடித்திருக்கும். தாவுவதைவிட ஊர்வதே அதிகம். புல்தூர்களின் அடியில் ஒடுங்கி, முட்டையும் அங்கேயே இடும். இந்தப் பேரினத்தில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து குட்டித் தவளைதான் வரும். குளம் தேவையில்லாததால் உச்சிப் புல்வெளியும் வாழத்தக்க இடமாகிவிட்டது.

அதே பேரினத்து சலசோடெஸ் நூறாண்டுக்கும் மேல் கண்ணில் படாமலிருந்து, 2011இல் மீண்டும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. களக்காடு–முண்டந்துறைக் காட்டில் மூங்கிலின் உள்ளீடற்ற கணுவிடைக்குள் ஒடுங்கிய துளை வழியே நுழைந்து முட்டையிடுகிறது. ஆண் உள்ளேயிருந்து காவல் காக்கும். சிறிய உடல் இல்லாவிட்டால் இந்த வீடு கிடைத்திருக்காது.

சமவெளிக் கிணற்றிலும் வீட்டிலும் காணப்படுவது, பலர் தேரை என்று சொல்லும் பாலிபெடேட்ஸ் மேகுலேட்டஸ். வறட்சியில் இதைக் காப்பது தோல். சுரக்கும் கொழுப்புப் பொருளைக் கைகால்களால் உடல் முழுதும் தடவி நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும். விரட்டுவதற்காக இதன்மேல் உப்புத் தூவுவது தோலின் நீரை உறிஞ்சித் துன்புறுத்தும்; ஈரத்துணியால் மெல்லப் பிடித்து வெளியே விட்டால் போதும்.