பென்டியம் 3 (1.13 கிகாஹெர்ட்ஸ்) செயலி திரும்பப் பெறப்பட்ட வரலாறு

2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் செயலியை அறிவித்தது. இரண்டு நாளில் இன்டெலும் அந்த வேகத்தை எட்டியது. ஆனால் முதலிடம் கைநழுவிவிட்டது. அதை மீட்கும் அவசரத்தில் சூலை 31 அன்று 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வெளியானது. பயனர்கள் வீட்டில் செய்யும் ஓவர்கிளாக்கிங்கை இம்முறை தொழிற்சாலையே செய்தது எனலாம்.

இவ்வேகத்தில் ஒரு கடிகாரச் சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.88 நானோநொடி. அதற்குள் சுற்றின் மிக நீண்ட பாதையிலும் சமிக்ஞை போய்ச்சேர வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் சமிக்ஞை விரையும். வெப்பமும் ஏறும், வெப்பம் ஏறினால் சமிக்ஞை மீண்டும் தாமதிக்கும். திடீரென நின்றுபோகும் கணினிகளில் கோளாறு சிலசமயம் இந்தச் சுழலில் ஒளிந்திருக்கும். சாதாரணப் பயன்பாட்டில் அது தலைகாட்டாது.

வன்பொருள் விமர்சகர் தாமஸ் பாப்ஸ்ட் தம்மிடமிருந்த செயலியில் லினக்ஸ் கருநிரலைத் தொகுக்க முயன்றார். செயலியை இடைவிடாமல் முழுச்சுமையில் வைக்கும் வேலை அது; ஒரு பிட் பிழைத்தாலும் முறிந்துவிடும். முறிந்தது. கைல் பென்னெட்டும் இதே நிலையின்மையைக் கண்டார். ஆகத்து 28 அன்று இன்டெல் பிழையை ஒப்புக்கொண்டு செயலியைத் திரும்பப் பெற்றது. 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 2001இல் 130 நானோமீட்டர் துவாலட்டின் வடிவமைப்பில் மீண்டும் வந்தது.