ஹெர்ன்ஹூட் தினவசன நூல்

ஹெர்ன்ஹூட் தினவசன நூல் என்பது ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனத்தையும் அதற்கு இசைவான ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தையும் தரும் சிறுநூல். ஜெர்மன் மொழியில் ‘லோசுங்கன்’ எனப்படும் இதை மொரேவிய சபை என்று அறியப்படும் சகோதரர் சபை வெளியிடுகிறது. முதல் பதிப்பு 1731ஆம் ஆண்டுக்கானது. அன்றுமுதல் ஆண்டு தவறாமல் வருகிறது. 2024ஆம் ஆண்டு நூல் 294ஆவது பதிப்பு. ஜெர்மன் பதிப்பு மட்டுமே பல லட்சம் படிகள் அச்சாகும். 50க்கும் மேற்பட்ட மொழிகளில் இது கிடைக்கிறது.

தோற்றம்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியின் கிழக்கு மூலையில் பெர்தெல்ஸ்டோர்ஃப் என்ற ஊரும் அதைச் சுற்றிய நிலமும் நிக்கோலஸ் லுட்விக் ஃபொன் ஸின்ஸென்டோர்ஃப் (1700–1760) என்ற இளம் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தன. 1415இல் எரித்துக் கொல்லப்பட்ட செக் சீர்திருத்தவாதி யான் ஹூஸின் வழிவந்த சபையார் சிலர், விசுவாசத்துக்காக மொரேவியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) துன்புறுத்தப்பட்டு, 1722இல் அவருடைய நிலத்தில் அடைக்கலம் தேடி வந்தார்கள். கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் அந்த ஜூன் மாதம் முதல் மரத்தை வெட்டிச் சாய்த்த இடத்தில் எழுந்த குடியிருப்பே ஹெர்ன்ஹூட்.

அடைக்கலம் கிடைத்ததும் சமாதானம் வந்துவிடவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு போதனைகளோடு வந்தவர்கள் ஒருவரோடொருவர் சச்சரவிட்டுக்கொண்டார்கள். 1727 ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டோர்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில்தான் அவர்கள் மனம் ஒன்றுபட்டதாகச் சபை வரலாறு சொல்கிறது. தினவசனப் பழக்கம் இந்த ஒப்புரவுக்கு அடுத்த ஆண்டு பிறந்தது. சண்டை போட்டுச் சேர்ந்த மக்களை ஒரே நினைவில் கட்டிவைக்க அவர்களுக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டால் இதன் தொடக்கம் புரியாது.

1728 மே 3 மாலைப் பாடல் கூட்டத்தில் ஸின்ஸென்டோர்ஃப் மறுநாளுக்கென்று சபையாரிடம் ஒரு வாக்கைக் கொடுத்தார். காலையில் அது ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் ஆள்வழியாகப் போய்ச் சேர்ந்தது. நாளடைவில் இது அன்றாட வழக்கமாயிற்று. வசனத்தோடு வாசலில் வந்து நிற்கும் சகோதரர் அந்த வீட்டாரின் உடல்நலம், மனநிலை, ஆத்தும நிலை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். அச்சுநூல் வந்த பிறகு வசனம் தானாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது. விசாரிப்பு மெல்ல நின்றது. இந்தப் பழக்கம் இழந்தவற்றில் இதுவே பெரியது என்று கருத இடமுண்டு.

சீட்டு

இந்த நூலின் தனித்தன்மை, வசனத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது. தொடக்கத்தில் ஸின்ஸென்டோர்ஃபே தேர்ந்து கொடுத்ததுண்டு. பின்னாளில் சீட்டுப் போடும் முறையே நிலைத்தது. ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் எண்ணிட்ட தொகுப்பாக ஹெர்ன்ஹூட்டில் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை கூடி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் நூலுக்காக நாளுக்கொரு சீட்டு எடுக்கிறார்கள். எடுத்த எண்ணுக்குரிய வசனம் அந்தத் தேதிக்குப் பதிவாகிறது. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஒருவர் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். மூன்றாவதாக ஒரு பாடலடியோ ஜெபமோ இடம்பெறும்.

சீட்டுப் போடுவதற்கு வேதாகமத்திலேயே முன்மாதிரி உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டார்கள் (அப்போஸ்தலர் 1:26). அக்கால மொரேவியர் சீட்டைத் திருமணத்துக்கும், யாரை எந்த ஊழியத்துக்கு அனுப்புவது என்பதற்கும்கூட நம்பினார்கள். சாதாரண உறுப்பினரின் திருமணத்தை அந்தக் கட்டாயத்திலிருந்து சபை 1818இல் விடுவித்தது. மற்ற இடங்களிலும் சீட்டு வழக்கொழிந்தது. தினவசனத்தில் மட்டும் தங்கிவிட்டது.

இதைக் குறிபார்த்தலோடு சேர்த்துப் பார்ப்பது பொருந்தாது. சீட்டு எடுப்பவருக்கு மூன்று ஆண்டு கழித்து அந்த வசனத்தை வாசிக்கப்போகிறவரின் கவலை தெரியாது. வாசிப்பவராலும் தன் மனநிலைக்கு ஏற்றதைத் தேட முடியாது. துக்கத்தில் இருப்பவர் முன் துதியின் வசனம் வந்து நிற்கும். செழிப்பில் இருப்பவருக்குப் புலம்பல் கிடைக்கும். நாமே தேடிப் பிடிக்கும் ஆறுதல் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே நினைத்ததையே திருப்பிச் சொல்லும். அந்த வசதியை இந்த நூல் தருவதில்லை, அதன் பலமும் அங்கேதான் இருக்கிறது.

பரவல்

மொரேவிய ஊழியர்கள் 1732இல் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்கும் 1733இல் கிரீன்லாந்துக்கும் போனார்கள். சபை சிதறச் சிதற, எங்கிருந்தாலும் ஒரே நாளில் ஒரே வசனம் என்ற ஏற்பாட்டின் மதிப்பு கூடியது.

இதில் தரங்கம்பாடிக்கும் பங்குண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியலாளர் ஃபிராங்கே நடத்திய பள்ளியில் மாணவனாக இருந்தபோது, தரங்கம்பாடியிலிருந்து வந்த ஊழியர்களைச் சந்தித்ததும் அவர்களுடைய செய்திகளைக் கேட்டதும் சிறுவன் ஸின்ஸென்டோர்ஃபுக்கு ஊழிய ஆர்வத்தைத் தூண்டின. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அவர்களில் முதன்மையானவர். பின்னர் 1760இல் மொரேவியரே தரங்கம்பாடிக்கு வந்து ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்கும் போனார்கள். நோயும் மரணமும் வாட்டின. தரங்கம்பாடிக் குடியிருப்பு 1803இல் முடிவுக்கு வந்தது.

சிறையில் ஒரு வாசகர்

நூலின் வாசகர்களில் ஜெர்மன் அரசியல் தலைவர் பிஸ்மார்க் உண்டு; தம் படிகளில் அவர் குறிப்பெழுதி வைத்தார். ஆனால் இதை உயிர்மூச்சாகப் பிடித்துக்கொண்டவர் என்று சொல்லத்தக்கவர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் (1906–1945). 1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருக்க வாய்ப்பிருந்தும் ஜெர்மனிக்குத் திரும்புவதா என்று தத்தளித்த வாரங்களில், அன்றன்றைய வசனங்களோடு அவர் போராடியதை நாட்குறிப்பு காட்டுகிறது. ஜூலையில் திரும்பிவிட்டார்.

1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் இருந்தார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அதில் அவருடைய நண்பர்களும் உறவினரும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். இனித் தாம் உயிர் தப்புவது அரிது என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில், நேற்றைய வசனமும் இன்றையதும் குறிப்பாக அழகானவை என்று எழுதினார். இருபதாம் தேதிக்குரியது, தேரையும் குதிரையையும் நம்புவோரிடமிருந்து கர்த்தரை நம்புவோரைப் பிரித்துக் காட்டும் 20ஆம் சங்கீத வசனம். அடுத்த நாளுக்குரியது 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். இரண்டும் சதி நடப்பதற்கு நெடுநாள் முன்பே சீட்டில் விழுந்தவை. போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

குறைகளும் தமிழ்ச் சூழலும்

தினவசனம் வேத வாசிப்பாகிவிடாது என்று எச்சரித்தவரும் அதே போன்ஹோஃபர்தான். விசுவாசிகளின் கூட்டு வாழ்வு பற்றி அவர் எழுதிய நூலில், தனி வசனங்கள் எவ்வளவு உதவினாலும் வேதாகமத்தைத் தொடர்ச்சியாக, பெரும் பகுதிகளாக வாசிப்பதற்கு அவை ஈடாகா என்கிறார்.

தமிழ்ச் சபைகளில் இந்த எச்சரிக்கைக்கு நேரடிப் பொருத்தம் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், அதை வீட்டில் ஒட்டிவைப்பதும், தினமும் தாள் கிழிக்கும் வசனக் காலண்டரும் பல குடும்பங்களில் பழகிப்போனவை. ஹெர்ன்ஹூட் தொகுப்பில் புலம்பலும் கண்டிப்பும் உண்டு. நம் அட்டைகளிலோ பெரும்பாலும் ஆசீர்வாதம்தான். அவற்றில் அடிக்கடி தென்படும் எரேமியா 29:11 சமாதான நினைவுகளைப் பற்றிப் பேசுகிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனம், மீட்பு வர 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது. அட்டையில் பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. கடிதத்தை முதலில் கேட்டவர்களில் பலர் அந்த மீட்பைக் காணாமலே செத்திருப்பார்கள்.

வசனத்தோடு விளக்கமும் தரும் தியான நூல்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. தமிழில் ‘நமது அனுதின மன்னா’ அவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல், 1931இல் விழுந்து அடிபட்டபின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். தம்முடன் வாழ்ந்த ஊழியக் குடும்பத்தாருக்கு அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து தொகுத்த ஆங்கிலத் தினத்தியான நூல் 1955இல் வெளிவந்தது.

ஹெர்ன்ஹூட் நூலும் தனி வசனத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு நாளின் கீழும் இரண்டு வாசிப்புப் பகுதிகளின் அதிகாரக் குறிப்புகள் சிறிய எழுத்தில் தரப்படுகின்றன. ஒன்று திருச்சபை ஆண்டின் காலங்களை ஒட்டியது. மற்றது வேதாகமப் புத்தகங்களைத் தொடர்ச்சியாக வாசித்துப் போவது.