டிராக்டர் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போனால் என்ன செய்வது?

பெண்ணாடம் பகுதியில் கரும்பு டிரெய்லர் இழுக்கும்போதும் சேற்றுழவின்போதும்தான் டிராக்டரின் ஹீட் மீட்டர் முள் பெரும்பாலும் சிவப்புக்கு ஏறும். உடனே சுமையை நிறுத்தி, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். ஆவி பறந்தால் அப்போதே அணைத்துவிட வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரும் ஊற்றக்கூடாது, ஹெட்டில் வெடிப்பு விழும்.

ஆறியதும் முதலில் ரேடியேட்டர் வலையைப் பாருங்கள். கரும்புச் சோகையும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்தால் பேன் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். பிறகு கூலன்ட் அளவு, ஹோஸ் கசிவு. பேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். அதிகம் இறங்கினால் தளர்வு. போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும்.

இன்ஜின் குளிர்ந்திருந்தும் சாவி போட்டதுமே முள் உச்சிக்கு ஓடினால் அது சூடு அல்ல. பழைய வண்டிகளில் சென்சார் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் சென்சார் பழுது, இறங்காவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

முள் எழவே இல்லையென்றும் நிம்மதியாக இருக்க முடியாது. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருந்தால் டீசல்தான் வீண். ஆனால் தண்ணீர் முழுக்க வடிந்து சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் தாழ்ந்தே காட்டும். அதை நம்பி ஓட்டினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் நிறத்தில் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வயலுக்கே வரச் சொல்லுங்கள்.