பினாங்கு: ஒரு தெருவும் ஒரு தட்டுச் சோறும்

போன மாசம் நாலு நாள் லீவு போட்டுட்டு பினாங்கு போயிட்டு வந்தேன். சாப்பாட்டுக்கு வருவோம். அதுக்கு முன்னாடி ஒரு தெருவைப் பத்திப் பேசணும்.

ஜார்ஜ் டவுனில் அந்தத் தெருவுக்குப் பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். இப்போ ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகை தெருவரைக்கும் வரும். அடுத்து 1833-ல் கட்டின மகாமாரியம்மன் கோயில். அப்புறம் 1801-ல் தொடங்கின கபித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் சில நிமிஷ நடைக்குள்ளேயே. 'நல்லிணக்கத் தெரு'ன்னு கைடுகள் காட்டுவாங்க.

இந்த நல்லிணக்கம் எப்படி வந்தது? யாரும் திட்டம் போட்டு உருவாக்கலை. வியாபாரம்தான் காரணம். 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கினார். கெடா சுல்தான் ராணுவப் பாதுகாப்பை எதிர்பார்த்துத்தான் இடம் கொடுத்தார். அந்தப் பாதுகாப்பு வரவே இல்லை. 1791-ல் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். அந்த ஏமாற்றத்தின் மேல்தான் நகரம் எழுந்தது.

டச்சுக்காரர்களின் மலாக்காவிலிருந்து வியாபாரத்தை இழுக்க, லைட் சுங்கம் இல்லாத துறைமுகம் ஆக்கினார். காட்டை வெட்டித் திருத்துகிறவர்களுக்கே நிலம்னு அறிவித்தார். சீனர், மலாய்க்காரர், அச்சே வணிகர், ஆர்மீனியர், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள்னு எல்லாரும் வந்தாங்க. ஆர்மீனியன் ஸ்ட்ரீட், அச்சே ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட்னு தெருப் பெயர்களே சாட்சி. தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியான்னு சொன்னாங்க. அவங்க நாகூர் தர்காவுக்கு ஒரு நகலையே அங்கே கட்டி வெச்சிருக்காங்க. பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் அவங்களோட தலைவர், அதாவது 'கபித்தான்'. 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததுன்னு சொல்வாங்க. இன்னிக்கு மலாயில் அது வசைச்சொல். பள்ளிவாசல் பெயரில் மட்டும் பழைய மரியாதையோட நிற்கிறது.

ஆளுக்கொரு தலைவர், ஆளுக்கொரு தெரு. அதனால எல்லாரும் கலந்து வாழ்ந்தாங்கன்னு சொல்ல மாட்டேன், பக்கத்துல பக்கத்துல வாழ்ந்தாங்க. கலந்தது அடுப்படியில்தான்.

இப்போ தட்டுக்கு வருவோம். நாசி கண்டார். நாசின்னா சோறு, கண்டார்னா தோளில் சுமக்கிற கம்பு. நம்ம ஊர் காவடி மாதிரி ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்தாங்க. இன்னிக்குக் கடையில் 'பஞ்சிர்'னு சொன்னால் நாலைந்து குழம்பையும் கலந்து ஊத்துவாங்க. பஞ்சிர்னா வெள்ளம். நான் சாப்பிட்ட தட்டில் மீன் தலைக் கறி, வெண்டைக்காய், சோயா சாஸ் வாசனையோட கறுப்புக் கோழி. நம்ம மசாலாவும் சீன சாஸும் ஒரே குழம்பில். எனக்கு அது லாக் ஃபைல் படிக்கிற மாதிரி இருந்தது. யார் வந்தாங்க, எதைக் கொண்டு வந்தாங்கன்னு வரிசையா பதிவாகியிருக்கு.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. பழைய கட்டிடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதனால் தையல்காரர், தச்சர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லாரும் நகர நடுவிலேயே குடியிருக்க முடிந்தது. 2000-ல் அந்தச் சட்டம் போச்சு. வாடகை ஏறினதும் நிறைய குடும்பங்கள் காலி பண்ணினாங்க. எட்டு வருஷம் கழிச்சு, 2008-ல், யுனெஸ்கோ மலாக்காவோட சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. காரணமாச் சொன்னதில் முக்கியமானது, வாழும் பன்முகப் பண்பாடு.

நான் தங்கின ஹோட்டலும் ஒரு பழைய கடைவீடுதான். முன்னாடி இங்கே யார் இருந்தாங்கன்னு ரிசப்ஷனில் கேட்டேன். யாருக்கும் தெரியலை. ஓட்டையும் ஜன்னலையும் அழகாப் பாதுகாத்திருக்காங்க. குடியிருந்தவங்களைப் பாதுகாக்க எந்தப் பட்டியலும் இல்லை.

பினாங்கு போனால் அந்தத் தெருவில் நடங்க, கண்டிப்பா பஞ்சிர் கேளுங்க. அப்படியே பரிமாறுகிறவரிடம் வீடு எங்கேன்னும் கேளுங்க. எத்தனை பேருக்கு அந்தத் தெருக்களில் இன்னும் வீடு இருக்குங்கிறதுதான் அந்த நகரத்தோட இன்றைய வரலாறு.