ஜெரிக்கோவின் மண்ணைப் படித்தவர்

இன்ஜினீயர் எழுதுகிறான் என்றதும் அணைக்கட்டு, பாலம் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது குழி தோண்டிய ஒரு பெண்மணியின் கதை. சிவில் படித்தவர்களுக்கு அவரை நிச்சயம் பிடிக்கும்.

கேத்லீன் கென்யன் 1906-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஃபிரெடெரிக் கென்யன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநர். பைபிளின் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த பெரிய அறிஞர். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மகள் ஆக்ஸ்ஃபோர்டில் சரித்திரம் படித்தார். அங்குள்ள தொல்லியல் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தலைமையில் கிரேட் ஜிம்பாப்வே அகழாய்வுக்குப் போனார். அந்தக் கற்கோட்டையை வெளியிலிருந்து வந்த யாரோதான் கட்டியிருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பலர் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று அந்த அகழாய்வு அடித்துச் சொன்னது.

பிறகு இங்கிலாந்தில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தில் மார்ட்டிமர் வீலர் தம்பதியிடம் தொழில் கற்றார். சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, நடுவில் மண் வரப்புகளை விட்டுவைப்பது வீலர் பாணி. வரப்பின் பக்கச் சுவரில் மண்ணடுக்குகள் அப்படியே தெரியும். எந்தத் தரை முதலில், எந்தக் குழி அப்புறம் என்பதை அதில் படித்துவிடலாம். நாம் டிராயிங் ஹாலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு போட்ட செக்‌ஷன் படம்தான், வேறொன்றுமில்லை! இதே வீலர்தான் 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியவர்.

கென்யன் அந்த முறையை இன்னும் கறாராக்கினார். 1952 முதல் 1958 வரை, அப்போது ஜோர்டான் வசமிருந்த ஜெரிக்கோவில் அவர்தான் அகழாய்வுத் தலைவர். அவருக்கு முன் 1930-களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்த மதில் ஒன்றைக் காட்டி, பைபிளில் யோசுவா வீழ்த்தியதாக வரும் மதில் இதுவே என்றிருந்தார். உலகமே நம்பியது. கென்யன் மண்ணடுக்கையும் பானை ஓட்டையும் பார்த்துவிட்டு, அந்த மதில் யோசுவா காலத்துக்குச் சுமார் ஆயிரம் வருஷம் முந்தியது என்றார். யோசுவா வந்ததாகச் சொல்லும் காலத்தில் அங்கே பெரிய மதில் எதுவும் இருந்ததற்கு அடையாளமே இல்லை. இப்போது அப்பா யார் என்பதை நினைத்துப் பாருங்கள்! வீட்டில் ஊறிய நம்பிக்கைக்காக மண்ணை வளைக்கவில்லை அந்த அம்மா.

இன்னும் கீழே போனபோது கிடைத்தது அதைவிடப் பெரிய ஆச்சரியம். சுமார் 8.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கற்கோபுரம், உள்ளே 22 படிகள். கி.மு. 8000 வாக்கில் கட்டியது. மட்பாண்டம் செய்யவே தெரியாத ஜனங்கள், சிமென்ட் ஏது, இரும்பு ஏது? அது இன்றைக்கும் நிற்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்பதில்தான் சண்டை. பாதுகாப்புக்கு என்றார் கென்யன். வெள்ளத்தைத் தடுக்க மதில், கோபுரம் வேறு எதற்கோ என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். 1953-ல் சுண்ணச் சாந்து பூசி முகம் செய்து, கண்ணுக்குச் சிப்பி பதித்த மண்டையோடுகளும் கிடைத்தன.

குறை இல்லாமல் இல்லை. ஒடுக்கமான வெட்டுக்குழியில் ஆழம் தெரியுமே தவிர, ஊரின் அகலம் தெரியாது. 1961 முதல் 1967 வரை ஜெருசலேம் அகழாய்வு, 1962 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஹியூஸ் கல்லூரி முதல்வர் பதவி என்று வேலை குவிந்ததில் அறிக்கைகள் தேங்கின. 1973-ல் டேம் பட்டம் வந்தது. 1978-ல் காலமானார். ஜெரிக்கோ அறிக்கையின் கடைசித் தொகுதிகள் 1980-களில்தான் அச்சேறின. அவர் சொன்ன காலக்கணக்கை மறுத்து எழுதியவர்களும் ஆதாரத்துக்கு அவர் வெளியிட்ட பானை ஓடுகளையும் செக்‌ஷன் படங்களையும்தான் புரட்ட வேண்டியிருந்தது.