ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?

(ஆனைக்குட்டத்தில் ஆற்றிய அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரிசர்வ் வங்கி அண்ணலின் சிந்தனையில் பிறந்தது என்று டிசம்பர் 6 வந்தால் மேடைதோறும் பேசுகிறோம். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் ‘ரூபாயின் பிரச்சினை’ நூலைப் படித்தவர்கள் நம்மில் குறைவு. 1923-இல் லண்டனில் வெளியான அந்த நூலில், வங்கியைவிட நமக்கு நெருக்கமான ஒன்று பேசப்படுகிறது: கூலி.

1870க்கு முன் ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங்குக்குச் சமம். ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய். ரூபாய் வெள்ளி, பவுண்டு தங்கம். வெள்ளியின் விலை சரியச் சரிய ரூபாயும் சரிந்தது. வெள்ளி கொண்டுவருவோர்க்கெல்லாம் நாணயம் அடித்துக் கொடுப்பதை 1893-இல் அரசு நிறுத்திய பிறகும் சரிவு உடனே நிற்கவில்லை. 1894-95-இல் ரூபாய் 1 ஷில்லிங் 1 பென்னி அளவுக்கு இறங்கியது. லண்டனில் ஒரு பவுண்டுக்குச் சரக்கு விற்ற துரையின் கைக்கு இப்போது 18 ரூபாய்க்கு மேல் வந்தது. ஏற்றுமதி செழிக்கிறது, நாட்டுக்கு லாபம் என்றார்கள். அம்பேத்கர் அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். விலைவாசி ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. ஆகவே அது அயலாரிடம் பெற்ற லாபமல்ல, உள்ளூர்த் தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுத்தது என்பது அவர் கண்ட விடை.

1925-இல் ஹில்டன் யங் ஆணையம் வந்தபோது இதே கேள்வி அரசியலாகியது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்னியா, 6 பென்னியா? ஆலை முதலாளிகளும் ஏற்றுமதி வணிகர்களும் 4 பென்னி கேட்டார்கள். அதுவே தேசியக் கோரிக்கையாகவும் ஆனது. ஆணையத்தின் உறுப்பினரான புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் அதற்காகவே மாறுபட்ட குறிப்பு எழுதினார். சாட்சியம் அளித்த அம்பேத்கரோ, வணிக வர்க்கத்தின் நலன் வேறு, உழைத்துப் பிழைக்கும் வர்க்கத்தின் நலன் வேறு என்று பிரித்துக் காட்டி, விகிதம் 6 பென்னியை ஒட்டி இருக்கவேண்டும் என்றார். 1927-இல் சட்டமானதும் அந்த 6 பென்னிதான். அரசு விரும்பியதையே சொன்னாரே என்று யாரும் கேட்கலாம். அரசு பார்த்தது லண்டனுக்குக் கட்டவேண்டிய செலவை. அவர் பார்த்தது கூலிக்காரர் வாங்கும் அரிசியின் விலையை. தேசம் என்று சொன்னதும் கைகட்டி நிற்காமல், எந்த வர்க்கத்தின் தேசம் என்று கேட்டவர் அவர்.

இந்தக் கணக்கு நம் வீடுகளுக்குள் வந்தது கடல் வழியாக. 1985 வரை நம் விருதுநகர் பகுதியும் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள். (கங்காணி கொடுத்த முன்பணத்துக்கும் இன்றைய பட்டாசு ஆலை அட்வான்ஸுக்கும் உள்ள உறவு தனிச் சொற்பொழிவுக்குரியது.) அங்கேயும் ரூபாய்தான். இங்கே ரூபாய்க்கு 16 அணா, அங்கே 100 சதம். மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. 1929-இல் உயர்மலைத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வைத்தார்கள். ஆணின் கூலி நம் கணக்கில் எட்டரை அணாவுக்குச் சற்று மேல். சில்லறையை மாற்றிக் கணக்குப் போட்டால் போதும், ரூபாயை மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மக்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுவரலாம். ஒரு குடும்பம் எடுத்துவரக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்றும் அதில் ஒரு விதி. எந்த நாட்டு ரூபாய் என்று அன்று கேட்க அவசியமில்லை. இரண்டும் சமம்.

20 மாதம்கூட ஆகவில்லை. 1966 ஜூன் 6-இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. இலங்கை அப்போது குறைக்கவில்லை. ஆக ஒரு இலங்கை ரூபாய்க்கு இந்தியக் காசில் 1 ரூபாய் 57 பைசா. கணக்குப்படி 4,000 என்பது 6,300 ஆகியிருக்கும். ஆனால் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தையே இலங்கை 1967-இல்தான் இயற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் அதுவும் மதிப்பைக் குறைக்க, 6,300 என்பது ஏறக்குறைய 5,040 ஆகச் சுருங்கியது. 1977 நவம்பரில் இலங்கை ரூபாய் டாலருக்கு 16 என்று விடப்பட்டது. அப்போது இந்திய ரூபாய் டாலருக்கு 9-க்கும் கீழே. அதே 4,000 இப்போது சுமார் 2,200.

சேமலாப நிதி அங்கே 1958-இல் தொடங்கியது. அன்று பிடித்த ஒவ்வொரு ரூபாயும் ஒரு இந்திய ரூபாய். அந்தப் பணத்தோடு 1978-க்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறியவருக்கு அது ஏறக்குறைய அரை ரூபாய். அவர் குறைவாக உழைக்கவில்லை, கொழுந்தும் குறைவாகப் பறிக்கவில்லை. அவரை அனுப்பும் தேதியை இரண்டு அரசுகள் முடிவு செய்தன, மாற்று விகிதத்தையும் அவையே முடிவு செய்தன. இழப்பை ஈடுசெய்ய ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.

மலையகத்தில் தங்கியவர்கள் கதையும் இதுவே. நெடிய போராட்டத்துக்குப் பின் 2021-இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. 2022 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 5 டாலர். அவ்வாண்டு நடுவில் 3 டாலருக்கும் கீழே. கூலிச்சீட்டில் ஒரு சதம்கூடக் குறையவில்லை.

தாயகம் திரும்பியோர் வீடுகளில் பழைய குடும்ப அட்டையும் சேமலாப நிதிக் காகிதமும் டிரங்குப் பெட்டிக்குள் இன்னும் இருக்கலாம். மாணவர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தொகையை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். பணம் பிடித்த ஆண்டு, கப்பலேறிய தேதி, இங்கே கைக்கு வந்த ரூபாய், இந்த மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.